வழிகாட்டி, தூதர், கண்டோர்: நஞ்சன்கூட்டிற்கு அப்பாலான காடும் செய்தியாளரும் (1991–2004)

மைசூரிலிருந்து தெற்கு நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலை கபிலையாற்றைக் கடந்து நஞ்சன்கூட்டை அடைந்தபின் இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளை குண்டுலுப்பேட்டை வழியாகப் பந்திப்பூர்க் காட்டினுள் நுழைகிறது. மற்றொன்று சாமராஜநகரைத் தொட்டு, தமிழக எல்லையைக் கடந்து, திம்பம் மலைப்பாதையில் இறங்கிச் சத்தியமங்கலத்தை அடைகிறது. நஞ்சுண்டேசுவரர் கோயிலுக்கு வரும் அடியார்களாலும் இரசபாளை என்னும் வாழைப்பழ வகையாலும் பெயர்பெற்ற இவ்வூர், 20ஆம் நூற்றாண்டின் இறுதிப் பத்தாண்டில் வேறொரு காரணத்தாலும் செய்தியாளர் நடமாட்டத்திற்கு உரிய வழியாயிற்று. பந்திப்பூர்க் கிளையில் இரண்டு நிழற்படக் கலைஞர்கள் கடத்தப்பட்டனர். சாமராஜநகர்க் கிளையின் எல்லைப்புறத்தில் கன்னடத் திரையுலகின் முதன்மை நடிகர் கடத்தப்பட்டார். தடா சட்டத்தின்கீழ் மைசூர்ச் சிறையில் அடைக்கப்பட்டிருந்த தமிழக மலையூர் மக்களைக் காணச் சென்ற உறவினர்க்கும் திம்பம் வழிச் சாலை இதுவே.

இக்காலப் பகுதியின் நடுவில் நின்றவர் வீரப்பன். அவரைப் பற்றி எழுந்த எழுத்துகள் மிகப் பல. அவர் வீரரா கொடியவரா என்னும் வழக்கு அவ்வெழுத்துகளில் போதுமான அளவு நடந்துள்ளது. அதனை இக்கட்டுரை மீண்டும் எடுத்துக்கொள்ளவில்லை. கடுமையான நிகழ்வுகளை எழுதுவோரும் படம்பிடிப்போரும், தாம் எழுத எடுத்துக்கொண்ட மாந்தரை எவ்வாறு அணுகினர், அவ்வணுக்கத்திற்கு என்ன விலை கொடுத்தனர், அவ்விலை பதிவில் தெரிகிறதா மறைகிறதா என்பனவே இங்கு ஆராயப்படுகின்றன. பதிவுகளை வரலாற்றுச் சான்றுகளாகக் கொள்ள முனைவோர் இதனைத் தவிர்க்க இயலாது.

பாலையும் அதன் கள்வரும்

ஆறலை கள்வரைத் தமிழ் இலக்கியம் மிகத் தொன்மையான காலந்தொட்டே அறியும். பாலைத்திணைப் பாடல்களில் அவர்கள் வில்லேந்தி நிற்கின்றனர்; வழிச்செல்வோரின் உடலை உவலை மூடுகிறது; பருந்து வட்டமிடுகிறது. ஆயினும் அப்பாடல்களில் பேசுவோர் தலைவி, தோழி, தலைவன், செவிலி ஆகியோரே. கள்வன் பேசுவதில்லை. அவன் அச்சத்தின் உருவாக, பிறர் வாய்மொழியில் மட்டும் வாழ்கிறான். பிற்காலக் கதைப்பாடல்கள் இந்நிலையைச் சற்று மாற்றின. நெல்லைச் சீமையில் 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் வாழ்ந்த ஜம்புலிங்கத்தைப் பற்றிய பாடல்களில் கள்வன் கதைத்தலைவனாகவே உயர்ந்தான். ஆனால் அங்கும் பாடியவர் கேட்டவற்றைப் பாடினாரேயன்றிக் கதைத்தலைவனின் எதிரில் அமர்ந்து வினாத் தொடுத்தவரல்லர்.

1993இல் நக்கீரன் வார இதழில் வீரப்பனின் நேர்காணலும் நிழற்படங்களும் வெளிவந்தபோது இம்மரபில் ஒரு முறிவு நேர்ந்தது எனலாம். செய்தியாளர் பெ. சிவசுப்பிரமணியம் காட்டினுள் சென்று அவரைக் கண்டு திரும்பியிருந்தார். அதே ஆண்டு ஏப்ரல் 9இல் பாலாற்றுப் பகுதியில் நிகழ்ந்த கண்ணிவெடித் தாக்குதலில் 22 பேர் இறந்திருந்தனர். இரு மாநில அதிரடிப்படைகளும் தேடிக்கொண்டிருந்த ஒருவரைச் செய்தியாளர் ஒருவர் கண்டு பேசி, படம்பிடித்து வந்தது வாசகரை வியக்கவும் காவல்துறையினரைச் சினக்கவும் வைத்தது. 1996இல் காணொளிக் கருவியுடன் சென்று எடுக்கப்பட்ட நீண்ட நேர்காணல், பாலையின் கள்வனுக்குக் குரலும் முகமும் மெய்ப்பாடும் சேர்த்து அளித்தது.

அவ்வளவு அணுக்கம் எவ்வாறு கைகூடிற்று? இவ்விடத்தில் ஆற்றுப்படை மரபை நினைவுகூர்வது பொருந்தும். ஆற்றுப்படையில் வழி தானாகத் தெரிவதில்லை. முன்னரே சென்று திரும்பிய ஒருவர் எதிர்ப்பட்டுச் சொல்லவேண்டும். மலைபடுகடாம் நன்னனின் புகழைப் பாடுவதோடு, மலைவழியின் இடர்களை ஒவ்வொன்றாக எடுத்துரைத்து, எங்கு எவரிடம் உதவி பெறலாம் என்பதையும் கூறுகிறது. காட்டினுள் ஒருவரைத் தேடிச் செல்லும் செய்தியாளனுக்கும் இத்தகைய நம்பிக்கைக்குரிய இடையாள் இன்றியமையாதவன். ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. ஆற்றுப்படையில் வழிகாட்டி பெயரற்றவனாக இருப்பதால் எவருக்கும் தீங்கில்லை. அதிரடிப்படைக் காலக் காட்டில் வழிகாட்டியின் பெயர் வெளிப்படுவது சிறைக்கோ அதனினும் கொடியதற்கோ வழிவகுக்கும். எனவே செய்தியின் அடித்தளமாக விளங்கிய மனிதனே செய்தியிலிருந்து முற்றாக மறைக்கப்பட்டான். இம்மறைப்பு நேர்மையானது, ஆனாலும் அது வாசகனிடம் ஒரு மயக்கத்தை உண்டாக்கிற்று. நேர்காணல் இருவருக்கிடையே நிகழ்ந்ததாகவே அவன் கொண்டான். உண்மையில் அது பலருடைய உயிர்ப்பணயத்தில் நிகழ்ந்தது.

இசைவு யாருடையது?

நக்கீரன் இதழுக்கு இதற்கு முன்னரே மற்றொரு பட்டறிவு இருந்தது. கொலைக் குற்றங்களுக்காகத் தூக்குத் தண்டனை பெற்ற ஆட்டோ சங்கர், 1991இல் செங்கல்பட்டுக் கிளைச் சிறையில் இருந்தபோது ஏறத்தாழ 300 பக்க அளவில் தன்வரலாறு எழுதி, மனைவியிடம் ஒப்படைத்து, அது இவ்விதழில் வெளிவரவேண்டுமென விரும்பினார் என்பது இதழாசிரியர் தரப்பின் கூற்று. உயர் அலுவலர்களுடனான தொடர்புகள் அதில் பேசப்பட்டிருந்தன. அது போலியானது எனவும் வெளியிடலாகாது எனவும் சிறைத்துறைத் தலைவர் 1994 ஜூனில் மடல் எழுதினார். வழக்கு உச்சநீதிமன்றம் சென்றது. 1994 அக்டோபர் 7இல் நீதிபதி பி.பி. ஜீவன் ரெட்டி வழங்கிய தீர்ப்பு இந்திய இதழியல் சட்டத்தில் நிலைத்த இடம் பெற்றது. பொது ஆவணங்களில் உள்ளவற்றை ஒருவருடைய இசைவின்றியும் வெளியிடலாம். அவற்றைக் கடந்து அவருடைய வாழ்வை எழுதுவது அந்தரங்க உரிமையை மீறுவதாகலாம். வெளிவருவதற்கு முன்னரே தடுக்கும் உரிமை அரசுக்கோ அலுவலர்க்கோ இல்லை என அத்தீர்ப்பு வரையறுத்தது. 2017இல் அந்தரங்க உரிமையை அடிப்படை உரிமையாக அறிவித்த தீர்ப்பிற்கும் இது முன்னோடிகளுள் ஒன்று. சங்கர் 1995 ஏப்ரலில் சேலம் சிறையில் தூக்கிலிடப்பட்டார்.

இவ்வழக்கில் ஆய்வாளர் கருதத்தக்கது ஒன்றுண்டு. எழுதப்பட்டவர் சிறையில் இருந்தார்; அவர் சார்பாக இதழும் அரசும் வாதிட்டன. அவர் இசைந்தாரா, எழுதினாரா என்பதையே இரு தரப்பும் இருவிதமாகக் கூறின. கடும் நிகழ்வுகளின் மாந்தர் பெரும்பாலும் இத்தகைய நிலையிலேயே இருப்பர். அவர்கள் இசைவு அளிக்கும் இடத்தில் சிறைச்சுவரோ துப்பாக்கியோ பசியோ உடன் நிற்கும்.

மேலைநாட்டில் இதே சிக்கல் வேறு வடிவில் எழுந்தது. மனைவியையும் இரு மகள்களையும் கொன்றதாகக் குற்றஞ்சாட்டப்பட்ட ஜெஃப்ரி மெக்டொனால்டுடன் நண்பராகப் பழகி, அவருடைய வழக்குரைஞர் குழுவோடு தங்கியிருந்த ஜோ மெக்கின்னிஸ், 1983இல் வெளியிட்ட நூலில் அவரைக் கொலையாளி என்றே நிறுவினார். சிறையிலிருந்தவர் நூலாசிரியர்மீது வழக்குத் தொடர்ந்தார். ஜேனட் மால்கம் இதனை ஆராய்ந்து 1990இல் வெளியிட்ட நூல், செய்தியாளன் தன் மாந்தனிடம் நட்புக் காட்டிப் பின் கைவிடுவதைத் தொழிலின் இயல்பாகவே கண்டது. மால்கமின் கருத்து கூர்மையானதே. எனினும் எழுதுவோன் வலியவன், எழுதப்படுவோன் மெலியவன் என்னும் எண்ணமே அதன் அடிப்படை. நஞ்சன்கூட்டிற்கு அப்பாலான காட்டில் வலிமை மறுபக்கம் இருந்தது. அங்கு ஏமாற்றும் செய்தியாளன் வழக்கைச் சந்திப்பதில்லை, உயிரோடு திரும்புவதில்லை.

வனத்துறை அலுவலர் பி. சீனிவாஸின் முடிவு இதற்குச் சான்று. அவர் செய்தியாளர் அல்லர். எனினும் அணுகி அறிதலைத் தம் வழியாகக் கொண்டவர். அன்றைய மைசூர் மாவட்டத்தின் தமிழ் வழங்கும் சிற்றூரும் வீரப்பனின் பிறப்பிடமுமான கோபிநத்தத்தில் மக்களோடு மக்களாகத் தங்கி, மருத்துவ உதவி செய்து, மாரியம்மன் கோயில் எழுப்பத் துணைநின்று நம்பிக்கையைப் பெற்றார். வீரப்பன் சரணடைவார் எனக் கூறி அழைக்கப்பட்டு, 1991 நவம்பர் 10இல் கொல்லப்பட்டார். ஊர்மக்கள் இன்றும் அவரைப் போற்றுகின்றனர் என்பது அவருடைய அணுக்கம் பொய்யன்று என்பதற்கும், அவருடைய இறப்பு அணுக்கத்தின் எல்லை எது என்பதற்கும் சான்றாகின்றன.

தூது

தொல்காப்பியர் கற்பியலில் கூறும் வாயில்கள் பன்னிருவர். ஊடிய தலைவிக்கும் தலைவனுக்கும் இடையே நிற்பவர்கள் அவர்கள். புறத்திணையில் அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது சென்ற ஔவையாரை அறிவோம். தூது செல்லும் புலவருக்கு இருபுறமும் மதிப்பு உண்டு. ஒருபுறம் சார்பும் உண்டு. அச்சார்பை ஔவையார் மறைக்கவில்லை. அதனாலேயே அவருடைய சொல்லின் கூர்மை நமக்குத் தெளிவாக விளங்குகிறது.

1997 ஜூலையில் சாமராஜநகர்ப் பகுதியில் வனத்துறை ஊழியர்கள் ஒன்பதின்மர் கடத்தப்பட்டபோது, நக்கீரன் ஆசிரியர் இரா. கோபால் தூதராகக் காடு சென்றார். பணயமாக இருந்தோர் உயிருடன் மீண்டனர். 2000 ஜூலை 30இல் நடிகர் ராஜ்குமார் தாளவாடிப் பகுதியின் தொட்ட காஜனூரில் உள்ள தம் இல்லத்திலிருந்து கடத்தப்பட்டபோது, தமிழ்நாடு, கர்நாடகம் ஆகிய இரு அரசுகளும் மீண்டும் அவரையே அனுப்பின. பின்னர் பழ. நெடுமாறன் முதலியோரும் சென்றனர். 108 நாள்கள் கழித்து நவம்பர் 15இல் ராஜ்குமார் விடுதலை பெற்றார்.

இங்குச் செய்தியாளரின் நிலை அடிப்படையில் மாறிற்று. நேர்காணல் எடுப்பவர் வினாவைக் கொண்டுசெல்கிறார், விடையைக் கொண்டுவருகிறார். தூதரோ கோரிக்கையைச் சுமக்கிறார். காவிரி நீர், பெங்களூருவில் திறக்கப்படாதிருந்த திருவள்ளுவர் சிலை, அதிரடிப்படையால் துன்புற்றோர்க்கு இழப்பீடு, மைசூர்ச் சிறையிலிருந்த தடா கைதிகளின் விடுதலை ஆகியன அப்போது முன்வைக்கப்பட்டவற்றுள் அடங்கும். கைதிகளை விடுவிக்க அரசு முனைந்தபோது, 1992இல் கொல்லப்பட்ட துணை ஆய்வாளர் ஷகீல் அகமதுவின் தந்தை அப்துல் கரீம் உச்சநீதிமன்றம் சென்று அதனைத் தடுத்தார். மகனை இழந்த தந்தையின் குரல் அது. தூதின் இருபுறத்திலும் இடம்பெறாத மூன்றாம் தரப்பு ஒன்று உண்டென்பதை அவ்வழக்கு அனைவர்க்கும் உணர்த்திற்று.

தூது சென்ற செய்தியாளர் எழுதிய செய்தியை எவ்வாறு மதிப்பிடுவது? அவர் அறிந்தவை பிறர் அறியாதவை. எனினும் அடுத்த முறை காட்டிற்குள் செல்லவேண்டியவர், கண்டது முழுவதையும் எழுதவியலாது. பணயமாக இருப்பவரின் உயிர் அவர் நாவில் இருக்கிறது. எனவே தூதுக் காலத்துச் செய்திகளில் காணப்படும் அமைதிகளைக் குறைகளாகக் கொள்ளாமல், அவற்றின் காரணம் அறிந்து படித்தலே முறை. இவ்வணுக்கத்திற்குரிய விலையை இதழும் கொடுத்தது. 2003 ஏப்ரலில் கோபால் பொடா சட்டத்தின்கீழ்க் கைதுசெய்யப்பட்டுச் சில திங்கள் சிறையிலிருந்தார். அரசுகள் வேண்டும்போது தூதராகக் கொண்ட ஒருவரை, அத்தொடர்பையே ஐயத்திற்குரியதாக்கி நோக்கும் காலமும் வந்தது. 2002 ஆகஸ்டில் கடத்தப்பட்ட முன்னாள் அமைச்சர் எச். நாகப்பா டிசம்பரில் பிணமாகக் கண்டெடுக்கப்பட்டார் என்பதையும் உடன் வைத்து எண்ணினால், முந்தைய தூதுகளின் அருமை புலனாகும்.

சிறைப்பட்ட படக்கலைஞர்

பந்திப்பூர்க் கிளைச்சாலையின் கதை வேறு. 1997 அக்டோபரில் கிருபாகர், சேனானி என்னும் காட்டுயிர் நிழற்படக் கலைஞர்கள் கடத்தப்பட்டனர். அவர்களை அரசின் உயர் அலுவலர்கள் எனத் தவறாகக் கருதியே வீரப்பன் பிடித்துச் சென்றார். 14 நாள்கள் அக்குழுவுடன் காட்டில் அலைந்து மீண்ட அவர்கள் தம் பட்டறிவைக் கன்னடத்தில் நூலாக்கினர். 2011இல் அது ஆங்கிலத்தில் பென்குயின் வெளியீடாக வந்தது. காட்டுநாய்களைப் பற்றிய ஆவணப்படங்களால் பின்னர் உலக அளவில் அறியப்பட்டோர் இவர்கள்.

நக்கீரன் செய்தியாளர் சென்றது தம் விருப்பால். இவர்கள் சென்றது வன்முறையால். செய்தியாளர்க்கு வினாநிரல் இருந்தது. இவர்களுக்கு எந்நேரம் என்ன நிகழும் என்பதே தெரியாது. ஆயினும் இவர்களுடைய நூல், வீரப்பன் குழுவினரைப் பற்றிய எழுத்துகளுள் தனித்து நிற்கிறது. அதில் அச்சம் உண்டு. அதனோடு நகைச்சுவையும் உண்டு. தலைவனைச் சூழ்ந்திருந்த எளிய இளைஞர் தனித்தனி மனிதராக வடிவம் பெறுகின்றனர். இதன் காரணத்தை அவர்களுடைய தொழிலில் தேடலாம். காட்டுயிர்ப் படக்கலைஞன் தன் வருகையால் விலங்கின் இயல்பு குலையாதவாறு நாள்கணக்கில் அசையாது காத்திருக்கப் பழகியவன். வினாக் கேட்டு விடை பெறுவது அவன் முறையன்று, பார்த்திருப்பதே முறை. ஒளிப்பதிவுக் கருவியின்முன் வீரப்பன் தம்மை ஒரு பாத்திரமாகவே அமைத்துக் காட்டினார். மீசை முறுக்குதலும் குரல் உயர்த்துதலும் அப்பாத்திரத்தின் கூறுகள். 14 நாள் உடன் உறைந்தவர்முன் எவரும் இடைவிடாது நடிக்கவியலாது.

இன்னொன்றும் நோக்கத்தக்கது. இந்நூலில் ஆசிரியர்தம் நிலை ஒளிக்கப்படவில்லை. தாம் பணயப்பொருள் என்பதும், தம் கனிவில் உயிராசை கலந்திருந்தது என்பதும் வாசகனுக்கு முதற்பக்கம் தொட்டே தெரியும். அணுக்கத்தின் விலை பதிவினுள்ளேயே எழுதப்பட்டுவிட்டது. மைசூரைச் சேர்ந்த செய்தியாளர் சுனாத் ரகுராமின் நூல் (2001) தொகுப்பாலும், அதிரடிப்படைத் தலைவராக இருந்த கே. விஜயகுமாரின் நூல் (2017) நடவடிக்கை விவரங்களாலும் பயன்தருவன. ஆனால் எழுதுவோனின் இருப்பிடத்தை இவ்வளவு தெளிவாகக் காட்டும் பதிவு கிருபாகர், சேனானி நூலே. சான்று என்னும் நிலையில் அதற்குரிய மதிப்பு இதனால் மிகுகிறது.

கண்டோர்

பாலையில் பேசும் மற்றொரு தரப்பு உண்டு. உடன்போக்கில் செல்வோரைச் சுரத்திடைக் கண்டு இரங்கும் வழிப்போக்கரையும் ஊராரையும் கண்டோர் என்று தொல்காப்பியர் வகுத்தார். கதை அவர்களுடையதன்று, ஆயினும் அது நிகழும் இடம் அவர்கள் வாழும் இடம். தாளவாடி, திம்பம், மாதேசுவரன் மலைப் பகுதிகளில் வாழும் சோளகர் முதலிய மக்களின் நிலை இதுவே. ஒரு பக்கம் வீரப்பன் குழு, மறுபக்கம் அதிரடிப்படை. உணவு கொடுத்தால் ஒருவரிடம் குற்றம், கொடாவிடில் மற்றவரிடம் குற்றம்.

கண்டோர்க்குற்ற துன்பத்தைச் செய்தியிதழ்கள் எழுதாமலில்லை, நக்கீரனும் எழுதிற்று. எனினும் வாசகர் நினைவில் பதிந்தது வீரப்பனின் முகமே. தேடப்படும் ஒருவரைக் காண்பது செய்தி. தேடுதலில் அடிபடும் பலரைக் காண்பது மனு. மனுவை எழுதுவோர் பெரும்பாலும் வழக்கறிஞர்கள். மனித உரிமை அமைப்புகள் திரட்டிய முறையீடுகளைத் தொடர்ந்து, 1999இல் தேசிய மனித உரிமை ஆணையம் நீதிபதி ஏ.ஜே. சதாசிவா, சி.வி. நரசிம்மன் ஆகியோர் கொண்ட குழுவை அமைத்தது. மாதேசுவரன் மலை முகாமில் ‘வொர்க்ஷாப்’ என்று வழங்கப்பட்ட சித்திரவதைக் கூடம் பற்றி அக்குழுமுன் மக்கள் சாட்சியம் அளித்தனர். அறிக்கை 2003இல் அளிக்கப்பட்டது. 2007இல் 89 பேருக்கு மொத்தம் 2.80 கோடி ரூபாய் இழப்பீடு பரிந்துரைக்கப்பட்டது. மைசூர்ச் சிறையில் ஆண்டுக்கணக்கில் அடைபட்டிருந்தோருள் பெரும்பான்மையோர் 2001இல் தடா நீதிமன்றத்தால் குற்றமற்றோர் என விடுவிக்கப்பட்டிருந்தனர்.

இம்மக்களின் வாய்மொழி இலக்கிய வடிவம் பெற்றது ச. பாலமுருகனின் ‘சோளகர் தொட்டி’ (2004) நாவலில். மக்கள் சிவில் உரிமைக் கழகத்தில் இயங்கிய வழக்கறிஞரான அவர், பாதிக்கப்பட்டோரின் கூற்றுகளைத் தொழில்முறையில் கேட்டுப் பதிந்தவர். நீதிமன்றத்திற்கு வேண்டியது நாள், இடம், காயம் ஆகியன. நாவலோ இரு பகுதிகளாக அமைந்து, முற்பகுதியில் அத்தொட்டியின் நிலம், வேட்டை, சடங்கு, காதல் ஆகியவற்றையே விரிக்கிறது. மாதி முதலிய பாத்திரங்களின் மேல் வன்முறை இறங்கும்போது, அவர்கள் வன்முறைக்கு உள்ளானோராக மட்டும் வாசகனுக்கு அறிமுகமாகவில்லை. கடும் நிகழ்வு நேர்ந்த பின்னரே சென்று சேரும் செய்தியாளனுக்குக் கிட்டாதது இம்முற்பகுதி. நேர்காணலாயினும் நிழற்படமாயினும் பெரும்பாலும் பிற்பகுதியிலிருந்தே தொடங்குகின்றன. இந்நாவலை இனவரைவியல் நாவல் என்னும் வகைமையில் மட்டும் அடக்கும் திறனாய்வாளர், முற்பகுதியைப் பண்பாட்டு விவரணையாகக் கொண்டு பிற்பகுதியினின்று பிரித்துவிடுகின்றனர். கேட்டறிந்த துயரத்தை எழுதும் ஒருவர், அதனைச் சொன்னவர்க்குத் தாம் பட்ட கடனைச் செலுத்தும் முறையாகவே முற்பகுதி அமைந்துள்ளது என்பது அவர்களால் கருதப்படவில்லை.

வீரப்பன் 2004 அக்டோபர் 18இல் தருமபுரி மாவட்டப் பாப்பாரப்பட்டி அருகே சுட்டுக் கொல்லப்பட்டார். பெங்களூருவில் திருவள்ளுவர் சிலை 2009இல் திறக்கப்பட்டது. 1996இல் காட்டினுள் எடுக்கப்பட்ட நாடாக்கள் 2023இல் ஓர் இணையத் தொடராக விரிவாக வெளிவந்தன. வீரப்பனின் குரலோடு, முகாம்களில் துன்புற்ற மலையூர் மக்களின் கூற்றுகளும் அதில் இடம்பெற்றன. தலைவனைப் படம்பிடித்த கருவியின் பதிவோடு கண்டோரின் சொல்லும் ஒருங்கே வைக்கப்பட 27 ஆண்டுகள் ஆயின. அதற்குள் அவர்களுள் பலர் முதுமை எய்தியிருந்தனர்.